கெட்டிலில் தெரிந்தவள்

எவர்சில்வர் கெட்டிலில் தெரிந்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சின்ன விஷயம்தான். ஆனால் தான் நிமிர்ந்து உட்காரவில்லை என்பது அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நன்றாகத் தெரியும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஸ்டூலில் ஒரு பக்கமாகச் சரிந்து, பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடந்தாள். பதினோரு வருடமாக ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் மூன்றடி தள்ளியிருந்தே பிடித்துவிடும் கண், இங்கே ஏதோ பிசகு என்றது. வளைந்த பாத்திரத்தில் எதுதான் ஒழுங்காகத் தெரியும் என்று அதை அடக்கினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தூங்காதவள் கண்ணை மட்டும் நம்பிவிட முடியுமா என்ன?

அவள் தூங்கி இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்குக் கையும் காலும் விழுந்ததிலிருந்து இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பகலில் அதற்கு ஓர் ஆள் உண்டு. ராத்திரி முழுக்க அவள்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் நாத்தனார் வந்து, நான் பார்த்துக்கிறேன், நீங்க எங்கேயாவது போய் மூச்சு விட்டுட்டு வாங்க அண்ணி என்று பிடித்துத் தள்ளிவிடுவாள். மூச்சு விட எங்கே போவது என்று தெரியாமல், மகள் டியூஷன் படிக்கும் கட்டடத்தின் மாடியில் நடந்த இந்த ஓவியப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். பள்ளியில் படிக்கும்போது படம் வரைந்து ஒரு சோப்புப்பெட்டி பரிசு வாங்கியவள். அந்தத் தைரியம்தான்.

நடுமேசையில் கெட்டில், மூன்று ஆப்பிள்கள், பாதி உரித்த ஆரஞ்சு, ஒரு பச்சை பாட்டில். சுற்றி எட்டுப் பேர். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடியும் ஆரஞ்சுத் தோலின் வாசனையும் ஈரச் சுவரின் பூஞ்சை மணமும் கலந்து தொண்டையில் உட்கார, வெளியே மழை மேகம் கவிந்து மதியத்தையே சாயங்காலம் ஆக்கியிருக்க, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியபடி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூல் மருந்துக்கடைக்காரர், தன் ஆப்பிள்கள் தக்காளியாகிவிட்டதென்றும் இனி ரசம்தான் வைக்க வேண்டுமென்றும் தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

ஓவிய மாஸ்டர் காலையிலேயே சொல்லியிருந்தார்: தெரிந்ததை வரையக் கூடாது, கண்ணுக்குப் படுவதை மட்டும் வரைய வேண்டும். அவளும் கண்ணுக்குப் பட்டதைத்தான் வரைந்தாள். கெட்டிலின் பளபளப்பில் நிமிர்ந்த முதுகு. படிய வாரிய தலை. கண்ணுக்குக் கீழே கருவளையமே இல்லை. இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஆப்பிளை விட்டுவிட்டாள், பாட்டிலை விட்டுவிட்டாள். கட்டைவிரல் அகல முகத்துக்கு ஒரு மணி நேரம் செலவழித்தாள். அவள்மேல் பொறாமையாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றார்.

"கண்ணு வைக்காதீங்கம்மா. பளபளப்புல தெரியற ஆளை நிழலா விட்டுடணும். அதுக்கு முகம் குடுத்துட்டா, அப்புறம் பாக்கறவங்க பழத்தைப் பாக்கவே மாட்டாங்க."

சரி என்று தலையாட்டினாள். அவர் நகர்ந்ததும், மெல்லிய தூரிகையின் நுனியில் வெள்ளை தொட்டாள். ஒருமுறையாவது அவள் தன்னைப் பார்க்கட்டும் என்று இருந்தது.

இடது கண்ணில் ஒரு புள்ளி. வலது கண்ணில் ஒரு புள்ளி.

மின்விசிறியின் முனகல் நின்றது.

மின்சாரம் போய்விட்டதோ? நிமிர்ந்து பார்க்கலாமென்றால் கழுத்து வரவில்லை. நெடி இல்லை. ஆரஞ்சு வாசனை இல்லை. எதிரே மருந்துக்கடைக்காரர் பானை போல உப்பியிருந்தார். மாஸ்டர் கொம்பு போல நீண்டு, கூரையோடு வளைந்திருந்தார். எல்லாச் சுவரும் அவளைப் பார்த்துக் குனிந்திருந்தது. நடுவில் அவள் ஸ்டூல். அதில் ஒருத்தி. நிதானமாகத் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள்.

அவள் கெட்டிலுக்குள் இருந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதலில் வந்தது பயமில்லை. நிம்மதி. இனி ராத்திரி எழுந்திருக்க வேண்டாம். யாரையும் புரட்ட வேண்டாம். அலாரம் இல்லை. இங்கேயே இப்படியே கிடக்கலாம்.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. தொலைவில், தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போல. தடதடவென்று ஓடிவரும் சின்னச் செருப்புகள்.

மணி ஐந்து. டியூஷன் விட்டாயிற்று.

வராதே.

கத்தினாள். வாய் திறக்கவில்லை. கையால் அடித்தாள். கை அசையவில்லை. உள்ளே எல்லாம் வழுக்கியது.

வாசலில் மகள். எட்டு வயது. தோளில் பை.

ஸ்டூலில் இருந்தவள் எழுந்தாள். அலுப்பே இல்லாமல், ஒரே அசைவில். குழந்தை அவளை அண்ணாந்து பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு முகம் மலர்ந்தது. இந்த இரண்டு வருடத்தில் பெற்றவள் ஒரு தடவையாவது பார்த்திராத மலர்ச்சி.

"அம்மா, இன்னிக்கு நீ அழகா இருக்கே. தூங்கினியா?"

ஸ்டூலிலிருந்து எழுந்தவள் கையை நீட்டினாள். வீட்டில் ஒருவர் புரளக்கூட முடியாமல் படுத்திருக்கிறார். ஆறு மணிக்கு நாத்தனாரும் கிளம்பிவிடுவாள். பிறகு அந்த வீட்டில் இவளும் அவரும் குழந்தையும்தான்.

குழந்தை கையைப் பிடித்தது. உடனே விட்டது.

"ஐய. உன் கை பிசுபிசுன்னு வருதும்மா."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தது. தோல் நிறத்தில் கொழகொழவென்று, விரலிடுக்கெல்லாம் ஈர வண்ணம். கவுனில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்தது.

துடைத்துவிட்டு, அந்தக் கையையே மறுபடியும் பிடித்துக்கொண்டது.