பன்றியின் மேல் விழுந்த பழி

"ஐயோ... பிரபு!"

பணிப்பெண் கேபாவின் அலறல் ராபன்ஃபெல்ஸ் கோட்டை முற்றத்தைக் கிழித்தது.

ரிக்கென்ஸா படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள்.

நாலு பேர் சுமந்து வந்த பலகையின் மேல் அவள் கணவன் எகினோ கிடந்தான். காலையில் ரொட்டியைக் கடித்தபடி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வேட்டைக்குப் போனவன். இப்போது வயிற்றில் ஒரு துளை!

"காட்டுப்பன்னி!" என்று குதிரையிலிருந்து குதித்தான் கெர்லாக். பக்கத்துக் கோட்டைப் பிரபு. எகினோவின் பால்ய நண்பன். "புதருக்குள்ளேர்ந்து பாஞ்சுடுச்சு. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு ரிக்கென்ஸா!"

கெர்லாக் அழுதான். நன்றாகவே அழுதான்.

ரிக்கென்ஸாவுக்கு அழுகை வரவில்லை. பதினாலு வயதில் இரண்டு வம்சத்தின் எல்லைச் சண்டை தீர வேண்டுமென்று கன்னிமடத்திலிருந்து அழைத்து வந்து இந்த எகினோவுக்குக் கட்டி வைத்தார் அவள் அப்பா. முதல் வருஷம் அவனை வெறுத்தாள். பிறகு உயிரையே வைத்தாள். அந்த உயிர் இப்போது பலகையில் கிடந்தது.

உடலைக் கழுவ உட்கார்ந்தபோதுதான் அதைக் கவனித்தாள்.

"கேபா... பன்னி குத்தினா காயம் எப்படி இருக்கும்?"

"குத்தாதும்மா, கிழிக்கும்! போன வருஷம் நாய்க்காரனுக்குக் குடலே வெளிய வந்துடுச்சே..."

"இது கிழிசலா?"

கேபா குனிந்தாள். சுத்தமான துளை. அதன் இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்குக் கன்றிப்போன தடம்.

பன்றி ஈட்டியில் முனைக்குக் கீழே ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். குத்து வாங்கிய பன்றி ஈட்டியோடு மேலே ஏறி வந்துவிடாமல் தடுப்பதற்கு.

"அம்மா... கட்டை இடிச்ச தடம்! முழுசா இறக்கியிருக்கான் பாவி! யாரும்மா அது?"

"ஈட்டியோட போனது ரெண்டே பேரு. ஒருத்தர் இதோ படுத்திருக்காரு."

"கத்தட்டுமா? ஊரைக் கூட்டட்டுமா?"

"வாயை மூடு! நம்ம வீரர்கள் எல்லைக் காவல்ல இருக்காங்க. வெளிய அவனோட நாப்பது ஆளுங்க நிக்கறாங்க... நமக்குக் காவலாம்!"

ஆறாம் நாள் மத்தியானம் கெர்லாக் ஒரு கடிதத்தோடு வந்தான்.

"உங்கப்பா எழுதியிருக்காரு. ரெண்டு கோட்டையும் ஒண்ணா சேரணுமாம். ஞாயித்துக்கிழமை நமக்குக் கல்யாணம்."

"அவரைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல."

"எனக்கு மட்டும் துக்கமில்லையா? ஆனா கோட்டைக்கு ஒரு ஆம்பளை வேணுமே!"

"லுட்டோல்ட் இருக்கான்." மடியிலிருந்த மகனை இறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு வயசுப் பொடியன்!" கெர்லாக் குழந்தையின் தலையைத் தடவினான். "இந்த மாடிப்படி வேற ரொம்பச் செங்குத்து. சின்னப் பசங்க சறுக்கி விழுந்தா அவ்வளவுதான்... அப்பா ஸ்தானத்துல ஒருத்தன் கூட இருந்தா நல்லதில்லையா?"

மிரட்டல் அவளுக்குப் புரிந்தது. வேண்டாமென்றால் மகன் இன்றே விழுவான். சரியென்றால் கொஞ்சம் தாமதமாக விழுவான். அவ்வளவுதான் வித்தியாசம்!

"நான் என்ன அந்நியனா ரிக்கென்ஸா? அஞ்சு வருஷம் முன்னால பனியில வண்டி மாட்டிக்கிட்டு, குறை மாசத்துல உனக்குப் பொண்ணு பொறந்துச்சே... சாமியார் இல்ல, குழந்தை மூச்சு நிக்கப் போகுது... யாரு ஞானஸ்நானம் குடுத்தா? இந்தக் கை!"

ஒவ்வொரு விருந்திலும் பீர் உள்ளே போனதும் அவன் அவிழ்த்து விடும் கதை. ஒரு மணி நேரம் மட்டும் வாழ்ந்த மகள். அந்தக் கதை தொடங்கினாலே ரிக்கென்ஸா எழுந்து போய்விடுவாள்.

இன்று எழவில்லை. முழுவதும் கேட்டாள். கன்னிமடத்தில் என்றோ படித்த ஒரு பாடம் சட்டென்று நினைவுக்கு வந்தது.

"சரி," என்றாள். "ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லு!"

"கல்யாணம் கோவில் வாசல்ல, எல்லையிலேர்ந்து என் வீரர்கள் அறுபது பேரையும் வரவழைச்சு, அவங்க முன்னால நடக்கணும். அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இல்ல. இந்தப் பனிக்கதையை அவங்களுக்குச் சொல்லுங்க. நீங்க அந்நியன் இல்லன்னு அவங்களுக்கும் புரியட்டும்."

கெர்லாக் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனிடம் கதை சொல்லச் சொன்ன முதல் ஆள் அவள்தான்!

ஞாயிற்றுக்கிழமை. கோவில் வாசல். ஒரு பக்கம் அறுபது பேர், மறுபக்கம் நாற்பது பேர்.

போன கோடையில்தான் இந்தக் கோவிலுக்கு வந்திருந்த விகாண்ட் சாமியார் புத்தகத்தைத் திறந்தார். "இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருந்தா..."

"தடையா! எனக்கு இல்லாத உரிமை வேற எவனுக்கு இருக்கு சாமி?" கெர்லாக் வீரர்கள் பக்கம் திரும்பினான். "கேளுங்கடா! இடுப்பளவு பனி. எகினோ ஒரு மூலையில உக்காந்து அழறான். நான் பனியை உருக்கித் தண்ணியாக்கி..."

"நில்லுங்க," என்றார் சாமியார். "தண்ணி ஊத்தினது நீங்களா?"

"நானேதான்!"

"மந்திரம் சொன்னது?"

"பிதா சுதன்னு ஆரம்பிச்சு ஒரு எழுத்து விடாம நான்தான்!"

"வேற யாரும் இல்லையே?"

"ஒருத்தன் கூட இல்ல! எல்லாம் நான் ஒருத்தனே!"

சாமியார் புத்தகத்தை மூடினார்.

"அப்படின்னா இந்தக் கல்யாணம் நடக்காது."

"என்னது?!"

"ஞானஸ்நானம் குடுத்தவரு அந்தக் குழந்தைக்கு ஞானத்தகப்பன். அதைப் பெத்தவளுக்கு ஞான உறவு. அவளைக் கட்டக்கூடாது. திருச்சபைச் சட்டம்!"

"அந்தப் பொண்ணுதான் அன்னிக்கே செத்துப்போச்சே!"

"பொண்ணு செத்துச்சு. உறவு சாகல."

கெர்லாக் மெல்ல ரிக்கென்ஸாவைப் பார்த்தான்.

"உனக்கு... இது தெரியுமா?"

"கன்னிமடத்துல தையல் மட்டுமா சொல்லிக் குடுப்பாங்க?"

அவன் முகம் வெளிறியது. சிவந்தது. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"அப்போ... நான் எகினோவை எதுக்குடா கொன்னேன்!"

வாயை விட்டுப் போன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

அறுபது வாள்கள் ஒன்றாக உருவப்பட்டன. அவனுடைய நாற்பது பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள். கிழட்டு வீரன் டீட்மார் கெர்லாக்கின் கைகளைப் பின்னால் முறுக்கிக் கட்டினான்.

ரிக்கென்ஸா மகனைத் தூக்கி அணைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். எகினோவுக்காக அழுதாள். ஒரே ஒரு மணி நேரம் வாழ்ந்து, தம்பியின் உயிரைக் காப்பாற்றிவிட்டுப் போன அந்தச் சின்னப் பெண்ணுக்காகவும் அழுதாள். கேபா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

சமையல்காரன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அம்மா... கல்யாண விருந்துக்கு ரெண்டு காட்டுப்பன்னி வெந்துக்கிட்டு இருக்கு. என்ன பண்றது?"

ரிக்கென்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் பரிமாறு. ஆனா கை வைக்கறதுக்கு முன்னால அதுங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுக்கச் சொல்லு... பாவம், ஒரு வாரமா கொலைப்பழியைச் சுமந்ததுங்க!"