கீழ்த்தண்டு

வாளியில் இருந்த தண்டுகள் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தன.

பல் துலக்க வந்தவள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்று பார்த்தாள். அந்தக் குளியலறைக்குள் வெளிச்சம் வர இருந்த ஒரே வழி, கூரையை ஒட்டி இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல்தான். செடி என்றால் அந்தப் பக்கம் சாய வேண்டும். இதற்குத் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் ஒரு தொட்டி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். இவையோ வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே இருந்து யாரோ வரப்போவதுபோல், மூடிய மரக்கதவைப் பார்த்துக் கழுத்தை நீட்டியிருந்தன.

வாளியை அரைவட்டம் திருப்பி வைத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தாள்.

மாலையில் பார்த்தபோது மறுபடியும் கதவுப் பக்கம்.

அந்தச் செடி தம்பியுடையது. ஹாலில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, தண்ணீருக்குள் அதை வளர்த்துவந்தான். கடைக்காரர் சொன்ன பெயர் வாயில் நுழையவில்லை என்று அவனே ‘மகாராணி’ என்று பெயர் வைத்துவிட்டான். அடியில் செம்பு நிறமாகத் தொடங்கி உச்சியில் ரத்தச் சிவப்பாக நிற்கும். அந்தச் சிவப்புக்காகத் தனி விளக்கு, தனி உரம், குமிழ் குமிழாகக் கார்பன் டை ஆக்சைடு விடும் ஒரு சிலிண்டர். படிக்க ஒரு மேசை விளக்கு வேண்டும் என்று அவள் கேட்டபோது “ஹால் லைட் பத்தாதா” என்று கேட்ட அப்பாதான் அந்தத் தொட்டி விளக்கை வாங்கி, ஸ்டூல் மேல் ஏறி நின்று மாட்டினார்.

ஒருமுறை செடியை வெட்டும்போது தம்பி தன் இடது கட்டைவிரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டான். ரத்தம் தண்ணீருக்குள் புகைபோல இறங்கியது. “பாரு, மகாராணிக்கு இரும்புச் சத்து” என்று சிரித்தான். அவள்தான் ஓடிப்போய்த் துணி கொண்டுவந்து கட்டினாள். விரலில் பிறைபோல ஒரு தழும்பு தங்கிவிட்டது.

இப்போது அவன் வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில், காலில் கம்பியோடு படுத்திருந்தான். அம்மாவும் அப்பாவும் அவனோடு. விழுந்தது அவளுடைய ஸ்கூட்டரில். கேட்காமல் எடுத்துப் போயிருந்தான். ஸ்கூட்டர் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால், உனக்கு வண்டிதான் பெரிசா என்று வரும்.

திங்கட்கிழமை காலை அவள் இன்னொரு நகரத்தில், தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். படிப்பு முடிந்து நெடுநாள் வீட்டோடு கிடந்த பிறகு கிடைத்த முதல் வேலை. அன்று வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

“கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு கேளேன்” என்றாள் அம்மா போனில்.

“கேட்டுட்டேன். முடியாதாம்.”

“செடி வாடிப்போச்சுன்னா அவன் தாங்க மாட்டான்டி. உசுரையே அதுலதான் வெச்சிருக்கான்.”

“என் வேலைம்மா.”

“வேலை எங்க ஓடிப்போகுது? தம்பி ஒருத்தன்தானே உனக்கு.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கத்தவோ தட்டை வீசவோ அவளுக்குத் தெரியாது. பற்களைக் கடித்துக்கொள்வாள். தாடை வலிக்கும். வலி போகும்வரை துணி மடிப்பாள்.

செடியை வெட்ட வேண்டிய நாளில் தம்பி படுக்கையில் இருந்தபடியே வீடியோவில் வந்து வேலை வாங்கினான்.

“மேல ஒரு விரல் நீளம் விட்டு வெட்டுக்கா. அந்தத் தலையை மட்டும் மண்ணுல நடு. கீழ்த்தண்டப் பிடுங்கித் தூக்கிப் போட்டுடு.”

“வேர் அதுலதானடா இருக்கு?”

“அது கெழடு தட்டிப்போச்சு. பாக்க நல்லாருக்காது. தலை எங்க வெச்சாலும் வேர் விட்டுக்கும்.”

“ம்.”

“உர்ருன்னு இருக்காத, மகாராணி பயந்துரப் போறா.”

தலைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டாள். கீழ்த்தண்டுகளைப் பிடுங்கிக் குப்பைக்கூடை வரை கொண்டுபோனாள். ஓட்டை விழுந்த இலைகள், பழுப்பேறிய கணுக்கள். மேலே அது சிவந்து நிற்க, இத்தனை நாள் நிழலில் நின்று தாங்கியது இதுதான். கூடைக்குள் போடக் கை வரவில்லை. அதை இரக்கம் என்று சொல்ல முடியாது. வீம்பு. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் கொண்டுபோய்ப் போட்டாள்.

உச்சி இருக்கும்வரை அது கீழே இருக்கும் மொட்டுகளைத் தூங்கவைத்திருக்கும். உச்சியை எடுத்துவிட்டால் அவை விழித்துக்கொள்ளும். வெட்டிய இடத்துக்குக் கீழே, எதிரெதிராக இரண்டு. கல்லூரியில் முதல் வருடப் பாடம். ஆனால் அதற்கும் வெளிச்சம் வேண்டும், உரம் வேண்டும். அந்த இருட்டு மூலையில் அவை வெளுத்து அழுகியிருக்க வேண்டும். வாளியில் இருந்தவையோ, வெட்டிய ஒவ்வொரு முனையிலும் இரண்டு துளிர் விட்டு, தொட்டியில் நட்ட தலைகளைவிடச் சிவப்பாக நின்றன.

பிறகு வாசனை வந்தது. முதலில் தொட்டி மண்ணின் ஈர வாடைதான், மழை பிடித்துக்கொண்ட நாட்களில் வீடே அப்படித்தான் இருக்கும் என்று ஈரத் துணிகளை ஃபேனுக்கடியில் விரித்துப் போட்டாள். அதற்கடியில் இன்னொரு வாசனை, இனிப்பாக, கொஞ்சம் காரமாக, தம்பி தலையில் அப்பிக்கொள்ளும் ஜெல்லின் வாசனை, அவன் குளித்துவிட்டுத் தலையைச் சிலுப்பிக்கொண்டு போகும்போது நடையில் தங்கி நிற்குமே, அப்படியே, இப்போதுதான் யாரோ கடந்துபோனதுபோல் குளியலறை வாசலில் நின்றது. ஜெல் டப்பா அவன் பையோடு மருத்துவமனைக்குப் போயிருந்தது.

பிறகு குளியலறைக்குள் தொண்டையைச் செருமும் சத்தம். ஏதாவது வேண்டுமென்றால் தம்பி இரண்டு முறை செருமுவான். அதற்கு அவள் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்காவிட்டால்தான் வாய் திறந்து கேட்பான். குளிக்கப் போனால் ஒருநாளும் துண்டு எடுத்துப் போகமாட்டான், செருமல், அப்புறம் “அக்கா, துண்டு!” கதவிடுக்கில் ஈரக் கை ஒன்று நீளும். அவள் என்ன வேலையில் இருந்தாலும் போய் அந்தக் கையில் துண்டை வைக்க வேண்டும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களிலும்.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். டாக்டர் நன்றாகத் தேறிவருவதாகச் சொன்னாராம். சீக்கிரமே எழுந்து நடந்துவிடுவானாம்.

“அக்கா, அந்தக் கீழ்த்தண்டத் தூக்கிப் போட்டுட்டதானே?”

“போட்டுட்டேன். ஏன்?”

“சும்மாதான். கண்ண மூடினாலே ஒரே கனவு. எங்கயோ இருட்டுல நிக்கிறேன். முட்டி வரைக்கும் தண்ணி. வெளிய நீ நடக்குற சத்தம் கேக்குது. கூப்பிட்டா நீ வர மாட்டேங்குற.”

அவள் பதில் சொல்வதற்குள் குளியலறையில் செருமல் கேட்டது.

ஒன்று. இரண்டு.

“யாருக்கா அங்க?” என்றான் தம்பி.

“யாருமில்ல.”

“என்னை மாதிரியே செருமுறாங்க.” சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அம்மா போனை வாங்கினாள். “நாளைக்குத் தண்ணி மாத்தணுமாம், மறந்துராத.”

“நாளைக்குச் சாயங்காலம் நான் கிளம்புறேன்மா. எதிர் வீட்டு அக்காகிட்ட சாவி கொடுத்துட்டுப் போறேன்.”

அம்மா வாய் நிறையக் காற்றை இழுப்பது கேட்டது.

“கல்லு மனசுடி உனக்கு” என்றாள் அம்மா. போனை வைத்துவிட்டாள்.

அன்று அவள் மடிப்பதற்குத் துணி மிச்சமில்லை. மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். வீட்டில் இருந்த துண்டுகளை எல்லாம் அலமாரியில் ஓரம் பிசகாமல் அடுக்கினாள்.

ஞாயிறு மதியத்தில் இருந்தே மழை. நான்கு மணிக்கே வீடு இருட்டிவிட்டது. தொட்டி விளக்கு மட்டும் எரிந்தது. அதன் சிவப்பு எதிர்ச் சுவரில் விழுந்து மெல்ல ஆடியது. தண்ணீர் மாற்றினாள், உரம் ஊற்றினாள், செடிக்குக் குறை வைக்கவில்லை. கத்தரியைத் துடைத்துத் தொட்டி மேல் வைத்தாள். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். தெரு வழியே போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

பிரஷ் குளியலறையில் இருந்தது. போனால் போகிறது, வேறு வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியைத் தூக்கினாள்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். குவளையில் மொண்டு, தலையில் கவிழ்த்து, மறுபடி மொண்டு. தண்ணீர் உடம்பில் பட்டுத் தெறிக்கும் சத்தம். வெறும் தரையில் விழுந்தால் அப்படிக் கேட்காது. எத்தனையோ வருடமாகக் கேட்ட சத்தம். அவளுக்கு வித்தியாசம் தெரியும்.

நின்றது.

செருமல். அது முடியும் முன்பே, அதன் நிழல்போல் இன்னொரு செருமல்.

“அக்கா, துண்டு!”

“அக்கா, துண்டு!”

கதவு கொஞ்சம் திறந்தது.

இடுக்கில் ஒரு கை நீண்டது. அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டும் இடக்கை. இரண்டிலும் கட்டைவிரலில் பிறைத் தழும்பு. தொட்டி வெளிச்சம் விரல்களை ஊடுருவிக்கொண்டு போயிற்று. உள்ளே எலும்பு இல்லை, இலையில் ஓடுவதுபோல் நடுவில் ஒரு நரம்பு, அதிலிருந்து கிளைநரம்புகள். நகங்கள் சிவப்பு. நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது.

பயம் வந்தது. முழங்கால் வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே ஏறியது.

“இங்கயுமா” என்றாள். தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. “அங்க படுத்துக்கிட்டும் வேலை வாங்குவ. இங்க இருந்தும் வாங்குவியா?”

விரல்கள் பொறுமையில்லாமல் மடங்கி விரிந்தன. எப்போதும்போல்.

பெட்டியைக் கீழே வைத்தாள். தொட்டி மேல் இருந்த கத்தரியை எடுத்தாள். ஸ்கூட்டர். மேசை விளக்கு. பரீட்சை. கல்லு மனசு.

வெட்டினாள்.

சின்னக் கத்தரிதான். ஆனால் தண்டை நறுக்கும்போது வரும் அதே சத்தம்தான் வந்தது, அதே மெத்தென்ற பிடி. ஒரு கை ஈரத் தரையில் விழுந்தது. அடுத்ததையும் வெட்டினாள். விளக்கணைந்த பிறகு இலைகள் கூம்புவதுபோல் அவை விரல்களை மெதுவாக மூடிக்கொண்டன.

ஒரு முனகல்கூட இல்லை.

மழைச் சத்தம் மட்டும். அவள் மூச்சு. தாடை வலிக்கவில்லை. பிறந்ததில் இருந்து முதல்முறையாக, கோபம் வந்தும் வலிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள். பெட்டி வைத்த இடத்திலேயே நின்றது. இனி போகலாம்.

திரும்பியவள் நின்றாள்.

இடுக்கில் அந்த முனைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

வெட்டிய இடத்துக்குக் கீழே ஒரு சிவப்பு மொட்டு. எதிர்ப்பக்கம் இன்னொன்று. அடுத்த முனையிலும் அப்படியே. மொட்டுகள் புடைத்தன. விரிந்தன. சுண்டுவிரல் முதலில். கட்டைவிரல் கடைசியில். தழும்போடு.

செருமல்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக. இப்போது எண்ண முடியவில்லை.

“அக்கா.”

“அக்கா.”

“அக்கா, துண்டு!”

“துண்டு!”

கத்தரி கையில்தான் இருந்தது. அழுத்திப் பிடித்தாள். வெட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். வெட்டினாள்.

தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. நின்று காத்திருந்தது. போய்விட்டது.

அலமாரி திறந்திருந்தது. எப்போது திறந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பற்கள் கடித்தபடி இருந்தன. தாடை வலித்தது. அவள் கை தன்பாட்டுக்கு மடித்த துண்டுகளை எடுத்துத் தோளில் அடுக்கிக்கொண்டிருந்தது. கால் குளியலறைப் பக்கம் நடந்தது.

கதவிடுக்கில் மேலிருந்து கீழ்வரை கைகள். எல்லாம் இடக்கைகள். எல்லாம் உள்ளங்கையை விரித்தபடி.

ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள்.

துண்டு போதவில்லை.