சூடு இறங்காத எஞ்சின்

எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது.

நேல்சோ கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். நேற்றுக் காலையில் ஓட்டி நிறுத்தியது. இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் இந்த இரும்பும் அலுமினியமும் ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் ஆறியிருக்க வேண்டும். இதுவோ படுத்திருக்கும் நாயின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு குளிர்காலங்கள் இழுத்த வேலை அது. பழைய டிராக்டர் பிஸ்டன்களை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, லேத்தில் கடைந்து, முடியளவு பிசகினாலும் தூக்கிப் போட்டு மறுபடி ஊற்றிச் செய்தது. பெரிய எஞ்சின் செய்வதையெல்லாம் இதுவும் செய்யும். காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சும், அழுத்தும், கொளுத்தும், புகையை வெளியே தள்ளும். ஆனால் சின்ன எஞ்சினுக்குச் சூடுதான் எமன். அதனால் சிலிண்டரைச் சுற்றி, மேலே திறந்த ஒரு சின்னத் தொட்டி வைத்திருந்தான். அதில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் இருக்கிற வரைக்கும் பயமில்லை. வற்றினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

நேற்று வற்றத்தான் பார்த்தது. டெல்மா பக்கத்தில் உட்கார்ந்து, சுரைக்குடுவையில் தேயிலை மாதிரியான மாத்தே இலையின் மேல் கெண்டியிலிருந்து வெந்நீர் ஊற்றி, தான் ஒரு சுற்று, புருஷனுக்கு ஒரு சுற்று என்று கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் புள்ளைக்குத் தொண்டை காயுதே, கிழவா. அதுக்கும் ஒரு சுத்து ஊத்தட்டா?"

"ஊத்து, ஊத்து. இலை விழாம ஊத்து."

கெண்டியைத் தொட்டியில் சாய்த்தாள். எஞ்சின் ஒரு சீறு சீறிவிட்டுப் பதமாக ஓடியது.

"பாரு, உன்னைவிட ரசிச்சுக் குடிக்குது!"

இருவரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவன் எஞ்சினை நிறுத்தினான், அவள் சமைக்கப் போனாள். அந்தச் சமவெளி ஊர்களில் மாத்தே வட்டத்தில் உட்கார்ந்தவர் 'நன்றி' என்று சொன்னால்தான் போதும் என்று அர்த்தம். சொல்கிற வரைக்கும் ஊற்றுகிறவள் ஊற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். டெல்மா இந்த விஷயத்தில் கறார். யாருக்கும் ஒரு சுற்றுகூடத் தவறவிட மாட்டாள்.

இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள்தான் பட்டறைக் கதவில் வந்து நின்றாள். "ஊரே மதியத் தூக்கம் போடுற நேரத்துல அதை ஓட்டித் தொலைச்சிடாதே. தெருவே செருப்பைக் கழட்டும்."

"பெட்ரோலையே இறக்கிட்டேன், கிழவி. போய்ப் படு. நானும் வர்றேன்."

சூட்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அங்கே ஜனவரிதான் கோடை. அந்த வெயிலுக்குச் சன்னல் மறைப்புகளை இறக்கிவிட்ட அறையில், மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் கத்தி கத்தியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்க, காய்ந்த புல்லின் வாசனையையும் மதியம் சுட்ட இறைச்சியின் கொழுப்பு வாசனையையும் மின்விசிறி ஒன்றாகக் கலந்து சுற்றிவிட, அதன் முனகலுக்கு அடியில், தன் நாடித் துடிப்பு என்று முதலில் அவன் நினைத்த ஒரு தட்டல் சுவர் வழியாக ஏறி, தலையணை வழியாக நுழைந்து, மெல்லப் பல்லுக்குள் வந்து இறங்கியது.

டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

பக்கத்தில் கையால் தடவினான். படுக்கை வெறுமையாக இருந்தது. விரிப்பில் அவள் வியர்வை ஈரம் மட்டும்.

பெட்ரோல் இல்லாமல் எஞ்சின் ஓடாது. இது அவனுக்குத் தெரியும். கொதிக்கிற எஞ்சின் தீப்பொறி இல்லாமல்கூடக் கொஞ்ச நேரம் ஓடும், ஆனால் எரிப்பதற்கு ஏதாவது வேண்டும். ஏதாவது.

முற்றத்தைத் தாண்டுவதற்குள் வாசனை வந்துவிட்டது. கருகிய இலை. காய்ந்த இரும்பு. ஆடு அறுத்த இடத்து வாசனை.

டெல்மா பட்டறை மேஜையோரம் முட்டிபோட்டிருந்தாள். கெண்டி கவிழ்ந்து கிடந்தது. இடது உள்ளங்கையில் உளி இறங்கியிருந்தது. கையைத் தொட்டிக்கு மேலே பிடித்து, வழக்கம் போலவே சிந்தாமல், ஒரே ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி சிவப்பாகக் கொதித்தது.

"டெல்மா! என்ன பண்றே!"

"கத்தாதே, கிழவா. ஊரு தூங்குது." முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "கெண்டியில தீர்ந்துபோச்சு. இது இன்னும் நன்றி சொல்லலியே."

அவளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் அவளிடம் ஊற்ற ஒன்றும் இருக்காது. எஞ்சினை நிறுத்த வேண்டும். அதன் பக்கவாட்டில் சுழன்றுகொண்டிருந்த ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் பிடித்தான்.

அது நிற்கவில்லை.

சக்கரத்தின் ஆரங்கள் இரண்டு விரல்களை உள்ளே வாங்கிக்கொண்டன. எலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கு முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. கையைப் பிய்த்து எடுத்தான். அந்த விரல்கள் கையோடு வரவில்லை. மற்ற கையில் சுத்தியல்.

அடித்தான். வால்வு தெறித்தது. அடித்தான். தொட்டி பிளந்தது. கொதிக்கும் ரத்தம் முகத்தில் அடித்தது. கண் தெரியவில்லை. அடித்தான். சிலிண்டர் உடைந்தது. பிஸ்டன் தரையில் உருண்டது. மீன்போல் துள்ளியது. அடித்தான். மறுபடி. மறுபடி.

அமைதி.

டெல்மா அவன் மேல் சரிந்தாள். உயிர் இருந்தது. சட்டையைக் கிழித்து அவள் கையைச் சுற்றினான். அழுதான். அவள் கழுத்தை வருடினான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

அவன் உள்ளங்கைத் தோல் அவள் கழுத்தில் ஒட்டிக்கொண்டு பொரிந்தது.

அவள் விலாவுக்குள்ளிருந்து. டக். டக்.

"தண்ணி," என்றாள். உதடு வெடித்தது.

துணியைச் சுற்றி அவளை முற்றத்துக்கு இழுத்தான். துணி புகைந்தது. தோட்டத்து ரப்பர் குழாயைத் திறந்தான். தண்ணீர் பட்ட இடமெல்லாம் சீறிக்கொண்டு ஆவியாக எழுந்தது. அவள் முகம் தெரியவில்லை. வெண்புகைக்குள் குதிகால்கள் மட்டும் தரையை உதைத்தன.

"யாராவது வாங்களேன்!"

தெருவில் ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. இன்னும் உரக்கக் கத்த வேலிப் பக்கம் திரும்பினான். குழாய் ஒரு கணம் விலகியது. அவள் நெஞ்செலும்பின் நடுவே தோல் சிவந்து, செம்மஞ்சளாகி, உள்ளிருந்து ஒளிவிடத் தொடங்கியது.

குழாயைத் திருப்பினான். சீறல். ஆவி. ஒளி மங்கியது.

அவன் கைக்குள் குழாய் மெல்லத் தளர்ந்தது. தண்ணீர் நூலாக மெலிந்துகொண்டிருந்தது.