படித்துறையில் ஒரு கவளம்

பெண்ணையாற்றின் தென்கரையில் கம்பீரமாக எழுந்து நின்ற மாவலூர்க் கோட்டையின் கொத்தளங்களில் மாலைச் செவ்வொளி மெல்ல மங்கிக்கொண்டிருக்க, வளர்பிறை ஏகாதசியின் நிலவு கீழ்வானில் உயர ஏறி, நீர்ப்பரப்பெங்கும் வெள்ளொளியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட அந்தியில் ஆற்றங்கரையில் காதலர்கள் உலவுவதுதான் உலக வழக்கம். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, அன்று படித்துறையில் ஓடத்துக்காகக் காத்து நின்றவர்கள் அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் அந்த ஊரில் அந்திப் பொழுதை மூன்று ஓசைகள் அறிவிக்கும். சிவன் கோயிலில் பேரிகை முழங்கும். பெருமாள் கோயிலில் சங்கு ஊதும். அக்கரை மலைமேல் இருந்த சமணப் பள்ளியில் மணி ஒலிக்கும். எந்த ஓசை எந்தத் தெய்வத்துக்கு உரியது என்று ஊரார் சண்டையிட்டதில்லை. அடுப்பில் உலை வைக்க நேரமாயிற்று என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார்கள், அவ்வளவுதான். பட்டத்துக்கு வந்த இளைய அரசருக்கு, சமணர் எல்லோரும் பகைவரின் ஒற்றர்கள் என்று யாரோ ஓதிவிட்டார்கள். ஓதினவன் நாவு அழுகட்டும்! அன்றிலிருந்து மலைமேல் மணி ஒலிக்கவில்லை.

சமணரைக் கண்டுபிடிக்கத் தண்டநாயகர் மழவரையர் ஒரு சோதனை வகுத்திருந்தார். கதிரவன் மறைந்தபின் சமணர் உணவு கொள்ள மாட்டார்கள் அல்லவா? ஆகவே, அந்திக்குப்பின் ஆற்றைக் கடப்போர் ஒவ்வொருவரும் கோயில் பிரசாதத்தில் ஒரு கவளம் உண்டாக வேண்டும். உண்ணாதவனுக்குச் சிறை, அதற்குமேல் என்னவென்று சிறையிலிருந்து திரும்பி வந்து சொன்னவர் எவருமில்லை.

அன்று வரிசையின் முன்னால் நின்ற திருமண் தரித்த வணிகர், "ஐயா, இன்று ஏகாதசி. தண்ணீர்கூடப் பருகாத விரதம்" என்று கைகூப்பினார்.

"சமணனும் இப்படித்தான் ஏதாவது சொல்வான். உண்கிறாயா, சிறைக்கு வருகிறாயா?" என்றான் காவல் வீரன் ஒருவன்.

வணிகர் உண்டார். கண்ணீர் தாடியில் வழிய, நாற்பது ஆண்டு விரதத்தை அந்த ஒரு கவளத்தோடு விழுங்கினார்.

அவருக்குப் பின்னால் நின்றவள் அருங்கலை. அரண்மனை அந்தப்புரத்தில் மாலை தொடுப்பவள். நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். உள்ளத்தில் அருகனைத் தொழுதுவந்தாள். நாளை விடியலில் படை மலைப் பள்ளியை வளைக்கப்போகிறது என்ற செய்தி பிற்பகலில் அவள் காதில் விழுந்திருந்தது. அதை அங்கே சொல்ல வேண்டும். சொல்ல அவளைத் தவிர வேறு ஆளில்லை. உண்டால் உயிரினும் மேலான நோன்பு போகும். மறுத்தால் மலைமேல் இருப்பவர் அனைவரின் உயிரும் போகும். இலையில் வைத்த சோற்றை வாங்கிக் கையில் ஏந்தி நின்றாள்.

துறைக்காவல் தலைவன் விடங்கன் அவளைக் கண்டான். பழுத்த சைவன், எனினும் அவள் யாரென்பதை அறிந்தவன், அறிந்தே அவளிடம் மனத்தைப் பறிகொடுத்தவன். அவன் வாய் திறக்குமுன் குதிரைக் குளம்பொலி கேட்டது. மழவரையரே வந்துவிட்டார்!

"இவள் ஏன் உண்ணவில்லை?" என்றார் அவர், குதிரையிலிருந்து இறங்கியபடி.

பொய் சொல்வதும் அருங்கலைக்கு விலக்கு.

விடங்கன் முன்னால் பாய்ந்தான். "பிரபு! முதல் மரியாதை தங்களுக்கு உரியது. தாங்கள் எழுந்தருளியிருக்கும்போது, தாங்கள் தொடாத பிரசாதத்தை ஓர் அரண்மனைப் பெண் எப்படி உண்பாள்?"

மழவரையர் நகைத்தார். தீவட்டியை அருகே கொண்டுவரச் சொல்லி, பாத்திரத்திலிருந்து ஒரு கைச் சோறு எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. சோற்றின் மீது ஓர் எறும்பு ஊர்ந்தது. அதை விரல்நுனியில் ஏற்றி, முதுகு வளையக் குனிந்து, ஈரமில்லாத கல்லாகப் பார்த்து மெதுவாக விட்டார். பிறகுதான் உண்டார்.

வீரர்கள் எதையும் கவனிக்கவில்லை. அருங்கலையோ கண்டுகொண்டாள். எழுத்தறியுமுன்பே சமணப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்குவது அது. தலை நிமிர்ந்த மழவரையர் அவள் விழிகளைக் கண்டார். அவர் முகத்தில் இரத்தம் வற்றியது.

"எல்லோரும் விலகி நில்லுங்கள். இவளை நானே விசாரிக்கிறேன்" என்றார். விடங்கனின் கை வாளுறையில் படிந்தது. அருங்கலை ஓடத்தைத் திரும்பிப் பார்த்தாள். இரகசியம் அறிந்தவளை எந்த மனிதன் உயிரோடு விடுவான்?

"என்ன பார்த்தாய்?" தாழ்ந்த குரலில் கேட்டார் அவர்.

"எறும்பைப் பார்த்தேன், ஐயா."

"எறும்பைத் தட்டிவிடுவது குற்றமா?"

"தாங்கள் தட்டிவிடவில்லை. இறக்கிவிட்டீர்கள்."

அவருடைய இடைவாள் பாதி உருவப்பட்டு நிலவில் மின்னியது. அருங்கலை கண்களை மூடிக்கொண்டாள். வெட்டு விழவில்லை. அவர் கேட்ட கேள்விதான் காதில் விழுந்தது. அதில் அவளுடையதைவிட அதிகமான அச்சம் இருந்தது.

"மலையில் மாகந்தி என்றொரு பெண் துறவி, குரத்தியார்... இன்னும் இருக்கிறாரா?"

"இருக்கிறார். நடக்க முடியாது. துறவு பூண்டபின் எல்லாப் பற்றும் ஒழிந்தது, ஒன்றைத் தவிர என்பார். அது என்னவென்று கேட்டால், 'என்னை விட்டு ஓடிப்போன மகன்' என்பார்."

மழவரையர் அக்கரை மலையை ஏறிட்டுப் பார்த்தார். பின்பு வாளை உறையில் தள்ளிவிட்டு, படித்துறை முழுவதும் கேட்கும்படி கர்ஜித்தார்: "இவள் உண்டாள்! நானே என் கண்ணால் கண்டேன்! ஓடத்தை விடுங்கள்!"

அவள் கைச்சோறு அப்படியே இருந்தது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடத்தில் ஏறினாள்.

"விடங்கா, நீயும் ஏறு" என்றார் அவர். அவன் அருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "மலையில் நடக்க முடியாத ஒரு மூதாட்டி இருக்கிறார். விடியுமுன் சுமந்து செல்ல வலிய தோள் வேண்டும். என்னைப் பெற்றவள், அப்பா."

விடங்கன் நெற்றித் திருநீற்றைத் தொட்டான். "என் ஈசன்மீது ஆணை. அந்த அன்னையின் பாதம் தரையில் படாமல் கொண்டு சேர்ப்பேன்."

"தாங்களும் வந்துவிடுங்கள், ஐயா" என்று அருங்கலை மெல்லக் கெஞ்சினாள். அவர் தலையசைத்து மறுத்தார்.

ஓடம் நகர்ந்தது. நடு ஆற்றை எட்டும்வரை இருவரும் மூச்சுவிடவும் அஞ்சினார்கள். அப்போது கரையிலிருந்து, சற்றும் நடுங்காத அந்தக் குரல் நீரின்மேல் தெளிவாக வந்தது.

"அடுத்தவனைக் கொண்டுவா!"