மருந்து போட்ட தொட்டி

மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற நேரத்தில் யார் தண்ணீர் இறைப்பார்கள்? ஹலூமா வீட்டுச் சந்துக்குள் நுழைந்ததுமே விதாதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கப்பி கிறீச்சிட்டது, வாளி தொப்பென்று விழுந்தது, மறுபடி கிறீச்சிட்டது. இறைக்கிறவர் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

சுகாதாரத் துறையில் பயிற்சிக்குச் சேர்ந்த அவளுக்குக் கொடுத்த வேலை சுலபமானது. தீவில் வாந்திபேதி பரவுகிறது. வீட்டு முற்றங்களுக்கு அடியில் இருக்கும் மழைநீர்த் தொட்டிகளில் குளோரின் மாத்திரை போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போன வாரம் முதல் தடவை வந்தபோது ஹலூமா தொட்டி மூடிமேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ மகளே, கல்யாண வீடு! டீயில அந்த மருந்து நாத்தம் அடிச்சா சம்பந்தி வீட்டுக்காரங்க என் மூஞ்சியிலயே துப்பிடுவாங்க. போட்டேன்னு சொல்லிட்டுப் போயேன், உன் நாக்கா தேஞ்சிரும்?"

கூடவே ஒரு தட்டு பேரீச்சம்பழப் பலகாரம். விதாத் தின்றாள். மாத்திரைகளைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளர் மோஞ்சியிடம் போட்டாச்சு என்றாள்.

"பாத்தீங்களா! ஹலூமாவையே மடக்கிட்டா! நீங்களும் இருக்கீங்களே, தண்டம்" என்று அவர் மற்றப் பயிற்சிப் பிள்ளைகளிடம் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். சீ, எப்படித்தான் அங்கே சிரித்துக்கொண்டு நின்றாளோ! நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. இன்று மோஞ்சி இந்தத் தெருவுக்குச் சோதனைக்கு வருகிறார். அதற்குள் யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும்.

கதவு திறந்தே கிடந்தது. கல்யாணத்துக்குக் கட்டிய மல்லிகைச் சரங்கள் வெயிலில் பழுத்துத் தொங்கின. அந்த வாசத்துக்கு அடியில், மூக்கைப் பொத்தினாலும் நாக்கில் வந்து ஒட்டிக்கொள்கிற ஒரு புளித்த வாடை வீடு முழுக்க நின்றிருந்தது. ஹலூமாவின் கடைக்குட்டி ஷிராஸ் முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஷிராஸ்... அம்மா எங்க?"

"உள்ளதான். யாருக்குமே தாகம் அடங்க மாட்டேங்குதுக்கா."

ஜன்னல்களெல்லாம் அடைத்திருந்த கூடத்தில் பாய்கள் வரிசையாகத் தெரிந்தன. ஹலூமா. அவள் புருஷன். கைநிறைய மருதாணியோடு கல்யாணப் பெண். எல்லோர் வாயும் திறந்திருந்தது. யாருடைய மார்பும் ஏறி இறங்கவில்லை.

விதாத் முற்றத்துக்கே பின்வாங்கினாள்.

ஷிராஸ் திரும்பினாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. உதடு வெடித்திருந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: தோலைக் கிள்ளிப் பார், மடிப்பு உடனே அமுங்காவிட்டால் உடம்பில் நீர் இல்லை. விதாத் அந்தச் சின்னக் கையைக் கிள்ளினாள். சில்லென்றிருந்தது. மணிக்கட்டில் நாடி இல்லை. மடிப்பு அப்படியே நின்றது.

அமுங்கவே இல்லை.

"மருந்து போட்ட தண்ணிதானேக்கா?" என்றாள் ஷிராஸ். "அம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னா."

வாசலில் செருப்புச் சத்தம். மோஞ்சியின் குரல்.

"விதாத், நீ இங்கயா இருக்க? அப்பாடா, என்னா வெயில்! இந்த வீட்டுல போட்டாச்சுல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அது தொண்டை வரை வந்தது. அந்தக் கைதட்டலும் கூடவே வந்தது.

"போட்டாச்சு, சார்."

"அப்போ ஒரு கிளாஸ் தண்ணி கொண்டா. நாக்கு ஒட்டிக்கிச்சு."

ஷிராஸ் வாளியில் தம்ளரை முக்கி, நிறைய மொண்டு, விதாதின் கையில் வைத்தாள். விதாத் நடந்தாள். கால்கள் தாமாகவே நடந்தன. வாசலில் நின்றபடியே மோஞ்சி அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

"அருமை! வாடையே தெரியல" என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் முதுகுக்குப் பின்னால் பாய்கள் சரசரத்தன. கூடத்தில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து, சற்று நகர்ந்து, நடுவில் இன்னும் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டார்கள்.