மேல்விளிம்பில் ஒரு கசிவு

சோபாவின் மெத்தை துடித்தது.

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், கரண்ட் போய், ஃபிரிட்ஜின் முனகலும் ஃபேனின் கிறீச்சும் அடங்கி, ஈரச்சுவரின் வாடை மட்டும் கூடத்தில் தங்கியிருந்த நேரத்தில், மனைவியின் அண்ணன் எப்போதும் சாய்ந்து உட்காரும் மூலையில் டாக்டர் தெரியாத்தனமாகக் கையை வைத்துவிட்டார். உள்ளங்கைக்கு அடியில் ஏதோ எழும்பித் தணிந்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

அந்தத் துடிப்பு அவருக்குத் தெரியாததா? மச்சானின் தொப்புளுக்கு மேலே கை வைத்து அவர் கண்டுபிடித்ததே அதைத்தானே! வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது.

"வயித்தைக் கிழிக்கவே வேணாம் மச்சான். தொடை இடுக்குல சின்ன ஓட்டை. அது வழியா துணி போர்த்துன ஸ்டென்ட்டை உள்ள விரிச்சுட்டா, வீங்குன இடத்துக்கு ரத்தமே போகாது."

மச்சான் சிரித்தார். "தங்கச்சியையே குடுத்தாச்சு, உசுரைக் குடுக்க மாட்டேனா மாப்பிள்ளை?"

ஸ்டென்ட் அழகாகத்தான் விரிந்தது. அவர் கைவேலையைப் பார்க்கவென்றே வந்திருந்த வெளியூர் டாக்டர்கள் கண்ணாடிக்கு அப்பால் நின்றிருந்தார்கள். கடைசியாகச் சாய மருந்து செலுத்திப் படம் எடுத்தபோது, துணியின் மேல்விளிம்பைத் தாண்டிப் புகை மாதிரி ஒரு கறுப்பு இழை.

"கசியுது டாக்டர். இன்னொரு தடவை பலூன் வெச்சு அழுத்திப் பாக்கலாமா?" என்றார் டெக்னீஷியன்.

அத்தனை பேர் முன்னால் மானம் போய்விடுமே. "தானா அடைச்சுக்கும்," என்று கையுறையைக் கழற்றினார். பாவி! மாதம் முடிவதற்குள் வீக்கம் வெடித்து மச்சான் போய்விட்டார்.

மனைவி மெழுகுவர்த்தியோடு வந்து அதே மூலையில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, கடைசிப் படம் நல்லா வந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

சொல்லிவிடலாம். இப்போதே.

"நல்லாத்தான் வந்துச்சும்மா."

தொப். தரைக்கு அடியில்.

தொப். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுடர் அதே தாளத்தில் குதித்தது. அவளுக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

"என் மேல சத்தியமா?"

அவள் கண்கள் அண்ணனின் கண்கள்.

"உன் மேல சத்தியமா."

நின்றுவிட்டது. எல்லாம். அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"என்னங்க... எனக்கு இங்க என்னமோ பண்ணுது."

அவர் கையை இழுத்துத் தன் தொப்புளுக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

எழும்பியது.

தணிந்தது.

ஆடை விலகிய இடத்தில், அவர் விரல்களுக்கு நடுவே, அவள் தோலுக்கு அடியில், புகை மாதிரி ஒரு கறுப்பு இழை மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.