தம்பியின் அழுகை வரைபடம்

அந்த வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்பா பேருந்து நடத்துநர். மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அம்மாவின் தையல் மெஷின் நாள் முழுக்கக் கடகடக்கும். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வீட்டில் ‘விசில்’ என்றுதான் பெயர். போதாக்குறைக்கு ஆறு மாதத் தம்பி ஒருவன்.

மாலையானால் தம்பி வீறிட்டு அழுவான். பழி முழுவதும் விசிலின் மௌத் ஆர்கன் மேல் விழுந்தது.

“நீ ஊதுறதாலதான் பிள்ளை அழறான். அடுத்த திங்கக்கிழமை அத்தை வருவாங்க. அவங்க கொடுத்ததை அவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுவேன்” என்றார் அம்மா.

விசில் அழவில்லை. அந்த வேலைக்குத்தான் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தானே!

ஒரு நோட்டை எடுத்தாள். ஒரு வாரம், தினமும் மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை, ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் தம்பி எத்தனை நிமிடம் அழுதான் என்று எழுதினாள். பிறகு காம்பஸ் வைத்துப் பெரிய வட்டம் போட்டு, மணிக்கு ஒரு துண்டாகப் பிரித்து வண்ணம் தீட்டினாள்.

“பீட்சா மாதிரி அழகா இருக்கே!” என்றார் அம்மா. “இந்தப் பெரிய சிவப்புத் துண்டு என்னது?”

“ஆறுலேர்ந்து ஏழு மணி வரைக்கும் அழுததும்மா.”

“நீ எப்ப ஊதுறே?”

“ஆறு நாற்பதுக்கு.”

“சரியாப் போச்சு. நீயே சாட்சி சொல்லிட்டே!”

விசில் திருதிருவென்று விழித்தாள். நாள் கணக்கில் பாடுபட்டு, தனக்குத்தானே வினை தேடிக்கொண்டாயிற்று. வட்டத்தையே முறைத்துப் பார்த்தாள். ஆறு மணித் துண்டு பெரிதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அழுகை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது? அதைப் பற்றி அந்த வட்டம் மூச்சே விடவில்லை.

“இதுக்கு நீ லாயக்கில்லை” என்று வட்டத்தை மடித்து வைத்தாள்.

அம்மா துணி வெட்ட அளவு போடும் காகிதத்தில் ஒன்று கிடைத்தது. கீழே வரிசையாகப் பத்துப் பத்து நிமிடமாக நேரம், பக்கவாட்டில் அழுத நிமிடங்கள். திங்கள் முதல் சனி வரை உள்ள அழுகையைக் கூட்டி, ஆறால் வகுத்து, புள்ளிகளைச் சிவப்புக் கோட்டால் இணைத்தாள். அப்பாவுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தனியாக ஒரு நீலக் கோடு. தான் ஊதத் தொடங்கும் நேரத்தைத் தையல் சாக்பீஸால் குறித்தாள்.

திங்கட்கிழமை மாலை. அத்தை வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்தது. அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினார். விசில் காகிதத்தைச் சுவரில் ஒட்டினாள்.

“பாருங்கம்மா, ஆறு இருபதுக்கே சிவப்புக் கோடு விர்ருனு ஏறுது. நான் ஊத ஆரம்பிச்சதும் இறங்குது!”

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அட, ஆமா! உன் சத்தம் கேட்டுத்தான் அடங்கியிருக்கான் போல. நான்தான் சும்மா உன்னைத் திட்டிட்டேன். அப்போ ஆறு இருபதுக்கு இந்த வீட்ல என்னதான் நடக்குது?”

விசில் தயங்கினாள். அப்பாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

“சொல்லு, பயப்படாம சொல்லு!” என்று அப்பா முழங்கினார்.

“நீங்க குளிக்கிறீங்கப்பா.”

“குளிச்சா அவன் எதுக்கு அழணும்?”

“பாடிக்கிட்டே குளிக்கிறீங்கல்ல...”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“என் பாட்டுக்கா அழறான்? அப்படீன்னா ஞாயித்துக்கிழமையும் அழுதிருக்கணுமே! நீலக் கோடு தரையிலேயே கிடக்கு, பாரு. அன்னிக்கும் நான் வீட்லதானே இருந்தேன்? இதுக்கு என்ன சொல்றே?”

விசில் நோட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வேறு வழி தெரியவில்லை.

“அன்னிக்கு நீங்க குளிக்கவே இல்லப்பா.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. அம்மா மெல்லத் திரும்பினார்.

“குளிச்சாச்சுன்னு சொன்னீங்களே?”

நடத்துநரின் குரல் முதன்முறையாகத் தணிந்தது. “அது... தலையை மட்டும் நனைச்சுத் துவட்டினேன்...”

அம்மா துண்டை எடுத்து நீட்டினார். அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. வாசலில் அத்தை செருப்பைக் கழற்றும்போது, விசில் தம்பிக்கு மௌத் ஆர்கன் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.